அரசை ஐயுற்ற பேனா: பத்தியாளர் ராஜாஜியை மதுரைச் சீமையிலிருந்து வாசித்தல்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிறவர்களுக்குக் கப்பலூர் என்றால் மூன்று அடையாளம். 1936இல் கருமுத்து தியாகராஜச் செட்டியார் தொடங்கிய பஞ்சாலை ஒன்று. சிறுதொழில்களுக்காக அரசு மனை பிரித்துக் கொடுத்த சிட்கோ தொழிற்பேட்டை ஒன்று. உள்ளூர்க்காரர்கள் ஓயாமல் மறியல் செய்யும் சுங்கச்சாவடி ஒன்று. தனியார் முதல், அரசின் கை, இரண்டும் கலந்த வசூல் என்று மூன்றும் சில பர்லாங்கு தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி தன் முதுமையில் வாராவாரம் எழுதிய அரசியல் பத்திகளை எடைபோட இது தோதான இடம். அந்தப் பத்திகளின் பொருளே அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம் என்பதுதான்.

ராஜாஜியைத் தமிழர்களுக்குப் பல வேடங்களில் தெரியும். உப்புக்காக வேதாரண்யம் நடந்தவர், இந்தியைக் கட்டாயமாக்கியவர், கவர்னர் ஜெனரல், குலக்கல்விக்காரர், சக்கரவர்த்தித் திருமகனை எழுதியவர். பத்தி எழுத்தாளர் என்று அவரைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் 1956இல் சுயராஜ்யா ஆங்கில வார இதழ் தொடங்கியதிலிருந்து 1972 டிசம்பர் 25இல் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய 16 ஆண்டுகள், அவருடைய முழுநேர வேலை அதுதான். அமைச்சராகவும் முதலமைச்சராகவும் அவர் இருந்த ஆண்டுகளை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. அவர் எழுதியது நாட்டை எந்த அளவுக்கு மாற்றியது, எதைப் பார்க்கத் தவறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். சர்க்கார் அலுவலகத்தைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி சரி. ஊர்ச்சாவடியைப் பற்றி அவர் எழுதாமல் விட்டதுதான் தவறு.

பத்திரிகை அவருக்குப் புதிதல்ல. சேலத்தில் வக்கீலாக இருந்த நாட்களிலேயே அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கமும் அதற்கொரு இதழும் நடத்தினார். 1922இல் காந்தி சிறைக்குப் போனபோது யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பைச் சில காலம் ஏற்றார். திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே விமோசனம் என்ற இதழை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. பின்னாளில் கல்கியும் சதாசிவமும் சேர்ந்து தொடங்கிய கல்கி வார இதழ் ராஜாஜியின் தமிழ் எழுத்துக்கு நிரந்தர வீடாயிற்று. அங்கே வெளிவந்த இராமாயணத்துக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சோக்ரதரையும் மார்க்கஸ் அரேலியஸையும் தமிழில் தந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், திண்ணையில் உட்கார்ந்து ரசாயனம் சொன்னவர். சிறியதாகச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை. ஒரு பக்கம், சில வேளை அரைப் பக்கம். ஒரு செய்தியை எடுத்துக்கொள்வார், அதில் ஒளிந்திருக்கும் கணக்கை வெளியே இழுப்பார், ஒரு சிறு கதையோ கீதைக் கருத்தோ வந்து விழும், அதோடு முடித்துவிடுவார். அறுபதுகளில் அந்தப் பத்தி வாசகருக்கு எழுதும் கடிதம் போன்ற தலைப்பில் வந்தது. மேடையில் அவர் குரல் எடுபடாது. அச்சில் அந்தக் குறை தெரியவில்லை.

சுயராஜ்யாவைத் தொடங்கியவர் காசா சுப்பாராவ். ஆந்திரத் தலைவர் பிரகாசத்தின் பழைய சுயராஜ்யா தினசரியில் பழகியவர், யாருக்கும் அஞ்சாதவர். 1961இல் அவர் இறந்தபின் இதழுக்கு ராஜாஜியின் பெயரே முதுகெலும்பாயிற்று. அதே காலத்தில் உலகத்தின் வேறு மூலைகளிலும் இப்படிப்பட்ட ஏடுகள் கிளம்பின. அமெரிக்காவில் வில்லியம் பக்லி தன் நேஷனல் ரிவியூவைத் தொடங்கியது 1955 நவம்பரில். இங்கே 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். 1956இல் பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் சுதந்திரத் தொழில் மன்றத்தை ஆரம்பித்தார். பக்லிக்கு அப்போது முப்பதுதான், ஆட்சிக்கு வெளியே நின்று கூச்சல் போட்ட இளைஞர். ராஜாஜிக்கு எழுபத்தேழு. நாட்டின் மிக உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்தவர். தான் கட்டிய வீட்டின் உத்தரத்தில் விரிசல் இருக்கிறது என்று கொத்தனாரே சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் எழுத்து.

அவர் கட்டிய வீடுதான் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பத்திகளை மட்டும் படிப்பவர்கள் ராஜாஜி எப்போதும் அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொன்னவர் என நினைத்துக்கொள்கிறார்கள். அவர் ஆட்சியின் கோப்புகள் வேறு கதை சொல்லும். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் விழுந்த வருவாய்ப் பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். இன்று கப்பலூர் பேட்டையில் ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கணக்கரைத் தேடி ஓடும் சிறு முதலாளிகள் தங்கள் தொல்லையின் மூலவரைத் தேடினால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். 1938இல் விவசாயிகளின் கடனைக் குறைக்கச் சட்டம் போட்டார். 1952இல் இரண்டாம் முறை முதலமைச்சரானபோது, நெசவாளர்களைக் காப்பாற்ற வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும், ஆலைகள் தொடக்கூடாது என்று டெல்லியோடு மன்றாடினார். மதுரையில் தறியை நம்பியிருந்த சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆலை முதலாளிகளுக்கு அது நேர் எதிர். பத்தியாளர் ராஜாஜி இப்படி ஒரு ஒதுக்கீட்டை வேறொருவர் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே 1952இல் அவர் செய்த இன்னொரு காரியம் பத்தியாளரோடு ஒத்துப்போவது. யுத்த காலத்திலிருந்து தொடர்ந்த அரிசி ரேஷனையும் கட்டுப்பாட்டையும் நீக்கினார். நெல்லை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகப் பர்மிட் கேட்ட காலம் அது. கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று அதிகாரிகள் பயமுறுத்தினார்கள். எடுத்தார், பஞ்சம் வரவில்லை. மழையும் கை கொடுத்தது என்பது உண்மை. ஆனால் பதுக்கல் என்பதே கட்டுப்பாட்டின் குழந்தை என்ற பாடம் அவர் மனத்தில் அப்போது உறைந்தது என்று நினைக்கிறேன். ஏழு ஆண்டுகள் கழித்து லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அவர் ஒரு முழு ஆட்சிமுறைக்குப் பெயர் வைத்தார். புத்தகத்தில் படித்த தத்துவத்தைவிட, தாசில்தார் மேசையின் முன்னால் நின்ற நெல் வியாபாரியின் முகம்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது. மூன்று சொல்லும் ஆங்கிலம். ஆனால் விளக்கம் தேவைப்படாமல் எந்தத் தமிழ்க் கடைத்தெருவிலும் புரிந்தன.

அவருடைய பேனாவுக்குத் தீப்பொறி கிடைத்தது 1959 ஜனவரியில். நாக்பூரில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. நிலங்களை ஒன்றாக்கி உழுவது, உழைப்புக்கும் உடைமைக்கும் ஏற்பப் பங்கு. வைகை, பெரியாறு பாசனத்தில் இரண்டு போகம் விளைவிக்கிறவனும், திருமங்கலம் பக்கக் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறவனும் தத்தம் வரப்பை எப்படிக் காப்பார்கள் என்று தெரிந்தவர் யாரும் அந்தத் தீர்மானத்தை நம்பியிருக்க முடியாது. சொந்த மாட்டை மேய்ப்பவனின் அக்கறை சம்பள மேய்ப்பனுக்கு வராது என்பதே ராஜாஜியின் வாதத்தின் சாரம். ஜூன் 4ஆம் தேதி சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. என்.ஜி. ரங்கா விவசாயிகளுக்காக, மினு மசானி தொழிலுக்காக, ராஜாஜி எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதுவதற்காக. உலகத்தில் பல கட்சிகள் பத்திரிகை நடத்தியிருக்கின்றன. இங்கே ஒரு பத்தி கட்சி நடத்தியது.

நாக்பூர் தீர்மானம் நடைமுறைக்கு வரவே இல்லை. காங்கிரசுக்குள் இருந்த நிலவுடைமையாளர்களே அதைக் கிடப்பில் போட்டார்கள் என்பது ஒரு விளக்கம். ராஜாஜியும் ரங்காவும் எழுப்பிய கூக்குரல் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது என்பதையும் மறுக்க முடியாது. அவர் பேனாவின் கண்ணெதிர் வெற்றி என்று நான் கணக்கில் வைப்பது இதைத்தான். நில உச்சவரம்பில் அந்த வெற்றி கிட்டவில்லை. தமிழகத்தில் 1961 சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது, 1970இல் அது 15 ஆயிற்று. ரயத்துவாரி நிலத்தையும் அரசு எளிதாக எடுக்க வழிசெய்த 17ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் எதிர்த்து எழுதினார், திருத்தம் 1964இல் நிறைவேறியது. 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றது. மதுரைத் தெற்காவணி மூலவீதியில் பட்டறை வைத்திருந்த பத்தர்களுக்கு அதன் பொருள் புரிய எந்தப் பத்தியும் தேவைப்படவில்லை. சுதந்திராக் கட்சி எதிர்த்த சட்டங்களில் சாமானியக் கைவினைஞனின் வயிற்றைத் தொட்டது அதுதான். ஆனாலும் அந்தப் பத்தர்களின் ஓட்டு அக்கட்சிக்குப் போகவில்லை, வேறொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

ஏன் திரும்பியது என்பதைச் சொல்லாமல் தமிழ்நாட்டுப் பழமைவாதத்தைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. கப்பலூர் ஆலையின் நிறுவனரையே எடுத்துக்கொள்வோம். தியாகராஜச் செட்டியார் ஆலைகள் நடத்தியவர், 1943இல் பாங்க் ஆஃப் மதுராவை நிறுவியவர், கல்லூரிகள் கண்டவர். தனியார் தொழிலுக்காக எழுதும் பத்தியாளருக்கு இயல்பாக நண்பராக இருந்திருக்க வேண்டியவர். ஆனால் அவர் தமிழ்ப் பற்றாளர். 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்ப்பவர்கள் பக்கம் நின்றவர். மதுரையில் தமிழ்நாடு என்ற நாளிதழையே தனியாக நடத்தியவர். முதலாளிகளின் நலனுக்காகப் பேசுகிறவர் என்று ராஜாஜியைத் திட்டியவர்கள், இந்த மண்ணின் முதலாளிகளுக்கே அவரிடம் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு ஒன்று இருந்ததைக் கவனிக்கவில்லை. நடராசனும் தாளமுத்துவும் சிறையிலிருந்தபோது இறந்த கணக்கு அது. 1958 வாக்கில் ராஜாஜி முழுக்க மாறி, ஆங்கிலமே ஆட்சி மொழியாகத் தொடர வேண்டும், இந்தி கூடாது என்று இந்தியா முழுவதற்கும் எழுதினார். நல்ல வாதங்கள். பின்னாள் இந்தி எதிர்ப்பாளர்கள் அவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். வாதத்தை எடுத்துக்கொண்டவர்கள் வாதியை நம்பவில்லை.

1967 தேர்தல் இதற்கு அளவுகோல். காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்று ராஜாஜி ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். அண்ணாவோடு கூட்டணி அமைத்தார். விருதுநகரில் காமராசரே தோற்றார். அகில இந்திய அளவில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களுடன் மிகப் பெரிய எதிர்க்கட்சி ஆயிற்று. சென்னைச் சட்டமன்றத்தில் அதற்கு 20 இடங்கள். ஆட்சி தி.மு.க.வுக்கு. ஒரு பத்தியாளர் அரசாங்கத்தை இறக்க முடியும் என்று அந்தத் தேர்தல் காட்டியது. இறக்கிய இடத்தில் யாரை ஏற்றுவது என்பது அவர் கையில் இல்லை. நான்கே ஆண்டில் அவர் காமராசரோடு கைகோத்துத் தி.மு.க.வை எதிர்த்தார், 1971இல் இருவரும் சேர்ந்து தோற்றார்கள். மக்களவையில் சுதந்திராக் கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. 1974இல் அது பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. அந்த 1971 ஆகஸ்ட் இறுதியில் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கொட்டும் மழையில் கருணாநிதியின் வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று கெஞ்சினார் அந்தத் தொண்ணூற்றிரண்டு வயதுக்காரர். அரசு தலையிடக்கூடாது என்று ஆயிரம் பக்கம் எழுதியவர், கள்ளுக்கடை விஷயத்தில் மட்டும் அரசு தலையிட்டே தீர வேண்டும் என்று கடைசிவரை நின்றார். இதை முரண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழமைவாதி சந்தைக்காரனாக மட்டும் இருக்க வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. குடும்பத்தின் அமைதிதான் அவருக்கு முதல், வியாபாரம் அதற்கு அடுத்தபடி.

மெய்யான முரண் வேறிடத்தில் இருக்கிறது. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வைதிகர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அன்றைய மாகாணப் பிரதமரான ராஜாஜி என்ன செய்தார்? காத்திருக்கவில்லை. ஆலயம் புகுந்தவர்களையும் புகவிட்ட அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து காக்க அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்தார், பிறகு அதை முறையான சட்டமாக்கினார். அரசாங்கத்தின் கை நீண்டது. நூற்றாண்டுகளாகச் சாத்தியிருந்த கதவு திறந்தது. மதுரைச் சமவெளியின் நவீன வரலாற்றில் ஒரு சட்டம் செய்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன். இதைச் செய்தவர்தான் அறுபதுகளில் அரசு சமுதாயத்தைத் திருத்தக் கிளம்பினால் கேடுதான் வரும் என்ற தொனியில் எழுதினார். பண்பாட்டைப் பற்றி அக்காலத்தில் அவர் ஆற்றிய உரைகளில் கூட்டுக்குடும்பமும் ஜாதியும் ஏழையைத் தாங்கிப்பிடித்த சமூகக் காப்பீடு என்று வாதாடினார். இன்ஸ்பெக்டர் ஒருவர் லஞ்சம் கேட்டால் அதில் கொடுமை தெரிந்தது. குளத்தில் தண்ணீர் எடுக்கவிடாத ஊர்க்கட்டு அவர் கண்ணுக்கு ஏற்பாடாகத் தெரிந்தது.

1953 குலக்கல்வித் திட்டத்தில் இதே குருட்டுப்புள்ளி. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கு வரட்டும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது அந்தத் திட்டம். காசு குறைவு, கட்டடம் குறைவு, இரண்டு ஷிப்ட் வைத்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்ற நிர்வாகக் கணக்கு அதில் இருந்தது. குயவர் மகன் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொள்வதில் என்ன தப்பு என்று கேட்டவர்களுக்கு, அந்தத் தொழிலிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் அவன் பள்ளிக்கே வருகிறான் என்பது தெரியவில்லை. எதிர்ப்பு எரிந்தது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார், காமராசர் திட்டத்தைக் கைவிட்டார், பின்பு மதிய உணவைக் கொண்டுவந்தார். மதுரைச் சீமையின் முதல் தலைமுறைப் பட்டதாரி வீடுகளில் எது நினைவில் நின்றது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணில் அரசைச் சந்தேகிக்க ராஜாஜி கற்றுத்தர வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கள்ளர் குடும்பங்கள் இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கைரேகை வைத்தன. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அதை மறுத்தவர்கள் மீது துப்பாக்கி வெடித்தது. ஓர் அரசாங்கம் குடிமகனைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பட்டியலிட்டதைவிடப் பெரிய அத்துமீறல் உண்டா? லைசென்ஸ் ராஜ்யத்தின் பாட்டன் அது. ஆனால் 1937இல் அமைந்த ராஜாஜி மந்திரிசபை அந்தச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. முத்துராமலிங்கத் தேவருக்கும் அவருக்கும் இடையே விழுந்த விரிசலின் காரணங்களில் இதுவும் ஒன்று. 1947இல்தான் சட்டம் போயிற்று. வேடிக்கை என்னவென்றால் 1962 தேர்தலில் தேவரின் பார்வர்டு பிளாக்கும் ராஜாஜியின் சுதந்திராவும் கூட்டணி. காங்கிரஸ் வெறுப்பு சேர்த்து வைத்தது. கைரேகைக் கதையை எடுத்து, பாருங்கள், கட்டுப்பாடற்ற அரசு என்றால் இதுதான் என்று ராஜாஜி எழுதியிருந்தால் அவருடைய தத்துவத்துக்கு இங்கே வேர் பிடித்திருக்கும். ஆங்கிலம் படித்த வாசகருக்கு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு விளங்கிற்று, கைரேகை விளங்காது என்று விட்டாரோ என்னவோ.

பொருளாதாரத்தில் அவரைக் காலம் நியாயப்படுத்தியது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 1991க்குப் பிறகு தொழில் உரிமங்கள் உதிர்ந்தபோது அவர் பெயரை நினைவுகூர்ந்தார்கள். பெரும்பாலும் சரிதான். ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். 1969 ஜூலை 19இல் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. பாங்க் ஆஃப் மதுரா அளவில் சிறியது, தப்பித்தது. தனியாராகவே நீடித்து 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்து பெயரிழந்தது. அரசு விழுங்காமல் விட்ட உள்ளூர் வங்கியைப் பிற்பாடு சந்தை விழுங்கிற்று. சிறியவனைப் பெரிய அரசிடமிருந்து காப்பாற்றப் போராடிய பத்தியாளரிடம், சிறியவனைப் பெரிய தனியாரிடமிருந்து காப்பாற்ற என்ன யோசனை இருந்தது என்று தேடினால் அதிகம் கிடைக்காது. அறங்காவல் பற்றி காந்தி சொன்னதைத் திரும்பச் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. கப்பலூர் பேட்டையில் லேத் வைத்திருப்பவருக்கு இன்று இன்ஸ்பெக்டரைவிடப் பெரிய தலைவலி, பில் கொடுத்து மாதக்கணக்கில் பணம் தராத பெரிய கம்பெனி. சுங்கச்சாவடியோ இரண்டும் கெட்டான். சாலை அரசுடையது, உரிமை ஒப்பந்தத்தால் வந்தது, நிற்பது உள்ளூர்க்காரன் லாரி. எந்தப் பக்கம் பார்த்துத் திட்டுவது என்றே தெரியாத இந்த அதிகாரத்துக்கு ராஜாஜியின் அகராதியில் பெயர் இல்லை.

தேர்தல் செலவைப் பற்றி அவர் எழுதியவை வேறு ரகம். அவற்றை இன்று படித்தால் பயமாக இருக்கிறது. 1921-22இல் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பிலேயே, சுயராஜ்யம் வந்தவுடன் தேர்தல்களும் அவற்றின் ஊழலும் பணபலமும் நிர்வாகக் கோளாறும் வாழ்வை நரகமாக்கும் என்று எதிர்பார்த்தவர் அவர். அறுபதுகளில் வேட்பாளரின் செலவை எப்படிக் குறைப்பது, வாக்காளர் அட்டை கொண்டுபோய்க் கொடுப்பது முதலான வேலைகளை அரசே செய்தால் என்ன என்று திரும்பத் திரும்ப எழுதினார். பணக்காரர்கள் கட்சி என்று பெயர் வாங்கிய கட்சியின் தலைவர், தேர்தலில் பணத்தை ஒழிக்க வழி தேடினார் என்பதை அவருடைய எதிரிகள் கண்டுகொள்ளவில்லை, கட்சிக்கு நன்கொடை தந்தவர்களும் கண்டுகொள்ளவில்லை. கப்பலூருக்கு அடுத்த திருமங்கலத்தில் 2009 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தல், வாக்குக்குப் பணம் தரும் முறைக்கே ஊர்ப்பெயரைச் சூட்டி நாடு முழுக்க அனுப்பியது. அந்தப் பத்திகளைப் பாடமாக வைக்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அவரைப் பழமைவாதி என்று ஒரே பெட்டியில் அடைக்க முடியாதபடி செய்தவை வெளிநாடு பற்றியும் காஷ்மீர் பற்றியும் அவர் எழுதியவை. அணுகுண்டு சோதனைகளை ஐம்பதுகளிலிருந்தே எதிர்த்தார். 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்றாவது வயதில், அமெரிக்கா போய்க் கென்னடியைச் சந்தித்துச் சோதனையை நிறுத்தச் சொன்னார். 1964 மே மாதம், சிறையிலிருந்து வெளிவந்த ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து ராஜாஜியோடு காஷ்மீர் பற்றிப் பேசினார். பாகிஸ்தானோடு சமாதானம் வேண்டும் என்று ராஜாஜி எழுதியது அந்த வாரங்களில் டெல்லியில் பலருக்குக் கசந்தது. அதே மாதம் 27ஆம் தேதி நேரு இறந்தார். அந்த நேருவைத்தான் ஐந்து ஆண்டுகளாக வாராவாரம் தாக்கினார். சுயராஜ்யாவில் அவர் எழுதிய இரங்கலில் தாக்கியதற்கு வருத்தம் இல்லை, தாக்கப்பட்டவரின் மேல் கசப்பும் இல்லை. தன்னைவிடப் பதினோரு வயது இளையவர் முந்திக்கொண்டாரே என்ற அங்கலாய்ப்பு மட்டும். எதிரியை மதித்து எழுதும் அந்தப் பழக்கம் தமிழ் அரசியல் பத்தியிலிருந்து எப்போது போயிற்று என்று தேதி போட்டுச் சொல்ல முடியவில்லை.

ராஜாஜிக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சோ. வக்கீல், நாடகக்காரர், சினிமா நடிகர். 1970 ஜனவரி 14இல் துக்ளக் இதழைத் தொடங்கினார். ராஜாஜி ஆங்கிலத்தில் ஓதியதைச் சோ மேடைத் தமிழில் கேலியாக்கினார், அதனாலேயே ராஜாஜி எட்டாத வீடுகளுக்குள் போனார். திருமங்கலம் பஸ் நிலையக் கடையில் சுயராஜ்யா தொங்கியிருக்க வாய்ப்பில்லை, துக்ளக் தொங்கியது. 1971இல் சேலத்தில் நடந்த ஓர் ஊர்வலம் பற்றிய இதழைத் தி.மு.க. அரசு பறிமுதல் செய்ய, அது இலவச விளம்பரமாயிற்று. நெருக்கடி நிலையில் தணிக்கையோடு மல்லுக்கட்டினார். எம்.ஜி.ஆரையும் விடவில்லை. சோவின் பொற்காலம் என்று நான் நினைப்பது 1996 வரையான இருபத்தாறு ஆண்டுகள். ஜெயலலிதா ஆட்சியை எதிர்த்து, தன் வாழ்நாள் எதிரியான கருணாநிதிக்கும் மூப்பனாருக்கும் உறவு அமையத் துணைநின்றார். பத்தியாளர் தன் வெறுப்பைக்கூட ஒத்திவைத்த தருணம் அது. பிறகு ஜெயலலிதாவின் நண்பரானார், 1999இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார், நரேந்திர மோடியைப் பிரதமராக்க வேண்டும் என்று பிரச்சாரமே செய்தார். 2016 டிசம்பர் 7இல், ஜெயலலிதா இறந்த இரண்டாம் நாள், காலமானார். கடைசிப் பத்தாண்டுகளின் கேள்வி பதில்களில் பழைய மூக்கு இருந்தது, அது யார் வீட்டு வாசனையை முகரலாம் என்பதில் மட்டும் தேர்வு வந்துவிட்டது.

ஆட்சியை நம்பத் தொடங்கிய பத்தி பழமைவாதத்துக்குச் சேவை செய்யலாம், பத்திக்குச் செய்யாது. ராஜாஜி இந்தப் பள்ளத்தில் விழாததற்குக் குணம் மட்டும் காரணமல்ல. அவர் விரும்பிய ஆட்சி அவர் காலத்தில் வரவே இல்லை. வந்திருந்தால் சென்னை பாஸ்லுல்லா சாலை வீட்டிலிருந்து வாராவாரம் என்ன எழுதியிருப்பார் என்பதை 1952-54 ஆண்டுகளை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், ஊகம் அவ்வளவு உற்சாகம் தருவதாக இல்லை.

அவருக்குப் பின் தேய்ந்து நின்றுபோன சுயராஜ்யா இந்த நூற்றாண்டில், 2014க்குப் பிறகு, புதிய உரிமையாளர்களால் மீண்டும் உயிர்பெற்றது. முகப்பில் ராஜாஜியின் மரபு பேசப்படுகிறது, தடையற்ற வணிகம் பேசப்படுகிறது. அந்த மரபில் அணுகுண்டு எதிர்ப்பும், ஷேக் அப்துல்லாவோடு பேச்சும், பாகிஸ்தானோடு சமாதானமும், இந்தி வேண்டாம் என்ற பிடிவாதமும், பதவியில் இருக்கும் பிரதமரை ஒரு வாரம்கூட விட்டுவைக்காத வழக்கமும் இருந்தன. இன்றைய இதழின் ஆசிரியர் மேசைக்கு அந்தக் கட்டுரைகளைப் பெயர் மறைத்து அனுப்பினால் எத்தனை அச்சேறும் என்று எனக்குச் சந்தேகம்தான். மதுரை வைத்தியநாத ஐயருக்காக அவர் பிறப்பிக்கச் செய்த அவசரச் சட்டத்தை ஆதரித்து ஒரு தலையங்கம் அனுப்பினாலும் அதே சந்தேகம்.